ஒன்றும் செய்யாத பெட்டி

கீபோர்டுக்காரனின் இடது கையே போதும் என்று தலைவர் சொல்லிவிட்டார். ஒத்திகை அறையில், எல்லோர் முன்னிலையிலும், கொடுத்த டீ ஆறுவதற்குள் சொல்லிவிட்டார்.

தலைவர் என்றதும் கொடியும் மாலையும் ஞாபகத்துக்கு வர வேண்டாம். ஐந்து பேர் கொண்ட பாட்டுக் குழுவுக்குத் தலைவர், அவ்வளவுதான். பாடுவார், வேன் ஓட்டுவார், மேடையில் யார் எங்கே நிற்பது என்று தீர்ப்புச் சொல்வார். அன்றைக்கு அவர் தீர்ப்பு, பாட்டுக்கு அடியில் கனத்த சுரம் போடும் பேஸ் கிடார் மீது விழுந்தது.

"உன் பேஸ் யாருக்கும் கேக்கல. கேக்குறதெல்லாம் கொர்ருன்னு ஒரு இரைச்சல். அதை எதுக்கு வேன்ல ஏத்திக்கிட்டுப் போகணும்? இடது கையால கீபோர்டுல அதே சுரத்தை அமுக்கிட்டா வேலை முடிஞ்சுது, ஒரு சீட்டும் மிச்சம். அடுத்த மாசம் கடைசி ஞாயித்துக்கிழமை அந்த பாத்ரூம் சாமான் கடை திறப்பு விழா இருக்கு. அன்னைக்கு உன் பேஸ் என் காதுல விழுந்தா நீ இருக்கே. விழலைன்னா, சந்தோஷமாப் பிரிஞ்சிடலாம்."

தலைவர் ஒருவரைத் தவிர வேறு யாருக்கும் இதில் சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை.

பேஸ் வாசித்தவருக்குப் பிழைப்பு பல்செட் செய்வது. ஒரு பல் லேப்பில், ஜன்னலோர மேசையில், இருபது வருஷமாக அந்த வேலை. வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் வாய்க்குள் போகப்போகிற பற்களை அரை மில்லிமீட்டர் பிசகாமல் இழைப்பார். ஏழாவது நாள்தான் அவருக்கென்று ஒரு சத்தம் போடுவார். அந்த ஏழாவது நாளையும் பிடுங்கிக்கொண்டால் வாழ்க்கையில் மிஞ்சுவது ஊரார் பல் மட்டும்தான்.

நேராகச் சவுண்டுக்காரரிடம் போனார். குழு எங்கே பாடினாலும் ஸ்பீக்கர் கட்டுகிறவர் அந்தச் சவுண்டுக்காரர். அவரோ பழி ஒரு அங்குலம் கூடத் தன் மேல் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும் மனுஷர்.

"என்னைக் கேக்காதீங்க. டைரக்ட் பாக்ஸ்னு ஒண்ணு இருக்கு. உங்க கிடாரோட சத்தம் நோஞ்சான் சத்தம். நூறு அடி கேபிள்ல அது நடந்து வர்றதுக்குள்ள பாதி செத்துடும், மீதியில இரைச்சல் ஏறிடும். அந்தப் பெட்டி அதுக்குத் தெம்பு குடுத்து, எல்லாச் சத்தத்தையும் கலக்குற என் மிக்ஸர் வரைக்கும் கூட்டிட்டு வரும். நான் போடுறது வாடகைப் பெட்டி. ரப்பர் பேண்டு போட்டுத்தான் அதுவே உயிரோட இருக்கு. நீங்க சொந்தமா ஒண்ணு வாங்கி உங்க பலகையிலயே ஒட்டிடுங்க."

பலகை என்றது பெடல்போர்டை. மேடையில் அவர் காலடியில் கிடக்கும். சுருதி பார்க்க ஒரு பெடல், ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்ய ஒரு பெடல், ஹெட்போன் மாட்ட ஓட்டை வைத்த சத்தம் திருத்தும் பெடல் என்று மூன்று அதில் உட்கார்ந்திருந்தன. மிச்ச இடத்தை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தார். பதினொன்று புள்ளி மூன்று சென்டிமீட்டர் நீளம், ஆறு புள்ளி எட்டு அகலம். அதற்குள் அடங்குகிற டைரக்ட் பாக்ஸ்தான் இனி அவருடைய தலையெழுத்து.

இசைக்கருவிக் கடைக்காரர் கண்ணாடி அலமாரியைத் திறந்து ஏழு பெட்டிகளை வரிசையாக வைத்தார்.

"இதுல எது நல்லது?"

"எது ஒண்ணும் செய்யாதோ அதுதான் சார்."

"ஒண்ணும் செய்யாததுக்கு எதுக்குப் பெட்டி?"

கடைக்காரருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. "சார், உள்ள போற சத்தம் அப்படியே வெளிய வரணும். சுமாரான பெட்டி ஏதாவது வேலை செய்யும். கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும். நல்ல பெட்டி பேசாம இருக்கும். ரொம்ப நல்ல பெட்டி இருக்கிற இடமே தெரியாது. இதோ இது" என்று கடைசியில் இருந்ததை மட்டும் இரண்டு கையாலும் தூக்கினார், "இது சுத்தமா ஒண்ணுமே செய்யாது."

ஒன்றுமே செய்யாததன் விலையைக் கேட்டதும் பல்செட்காரர் அதை மெதுவாக அலமாரிப் பக்கம் தள்ளி வைத்தார். ஆனாலும் பெட்டிகளில் இரண்டு ஜாதி இருப்பதைத் தெரிந்துகொண்டார். ஒன்று மிக்ஸரிலிருந்து கரண்டு கேட்கும். இன்னொன்று கேட்காது, உள்ளே கம்பிச் சுருளை வைத்துக்கொண்டு தன் வேலையைத் தானே பார்க்கும். சவுண்டுக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டார். "மேடைக்கு நான் கரண்டு அனுப்பமாட்டேன். ஒரு தடவை அனுப்பி ஒரு மைக்கைக் கொன்னுருக்கேன்" என்றது மறுமுனை. அப்படியாக நான்கு பெட்டிகள் கழிந்தன. மூன்று மிஞ்சின.

வேறு யாராக இருந்தாலும் மூன்றில் ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவர் மூன்றையும் எல்லாப் பக்கத்திலும் அளந்து, எடையும் எழுத்தும் உட்படச் சீட்டில் குறித்துக்கொண்டு வந்தார். லேப்பில் வேலை முடிந்ததும் மெழுகில் உருச் செய்து அச்செடுத்து, பல்செட்டுக்கு ஈறு வார்க்கிற ரோஸ் நிற அக்ரிலிக்கில் மூன்று பெட்டிகளையும் வார்த்தார். பலகையில் எது பொருந்தி உட்காருகிறது, எது பாதத்தை இடிக்கிறது, எதில் ஒயர் வளைய இடமிருக்கிறது என்று வாங்குவதற்கு முன் பார்த்துவிட வேண்டுமாம். பல் விஷயத்தில் அப்படித்தானே செய்கிறோம், மெழுகுப் பல்லை வாயில் வைத்துப் பார்க்காமல் யாருக்காவது பல்செட் கொடுத்திருக்கிறோமா என்பது அவருடைய வாதம்.

அதோடு விட்டிருந்தாலும் தப்பித்திருப்பார். பொருத்திப் பார்க்க ஓட்டை வேண்டுமே என்று கிடார் ஒயர் நுழைகிற ஓட்டையைத் துளைத்தார். மிக்ஸருக்குப் போகும் கேபிளை மாட்ட மூன்று முள் வேண்டுமே என்று, பக்கத்துப் பல்லைப் பிடித்துக்கொள்ளப் பல்செட்டில் வைக்கும் எஃகுக் கம்பியை வெட்டி மூன்று முள் நட்டார். எடை சரியாக இருக்க வேண்டுமே என்று உள்ளே ஈயக் குண்டுகளைப் புதைத்தார். மேடை வெளிச்சத்தில் எப்படித் தெரியும் என்று பார்க்க வேண்டுமே என்று கறுப்புப் பெயிண்ட் அடித்து, பூதக்கண்ணாடி வைத்து எழுத்துகளை எழுதி, ஓரங்களில் பழக்கத்தில் தேய்ந்த மாதிரி லேசாகச் சுரண்டியும் விட்டார். தான் செய்த பல்லைத் தனக்கே அடையாளம் தெரியக் கூடாது என்பது அவர் தொழில் தர்மம். அந்தத் தர்மத்தை அவர் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

மனைவி கூரியர் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். ஒரு நாளைக்கு முந்நூறு பெட்டி பார்க்கிறவள். சாப்பாட்டு மேசையில் மூன்று பெட்டிகளைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தாள்.

"ஒரு பெட்டி வாங்கறதுக்கு மூணு பெட்டி செய்யற ஆளை இப்பதான் பாக்கறேன்."

"இதெல்லாம் வெறும் மாதிரிதான். பொருத்தம் பாக்க."

"பொண்ணு பாக்க வந்தப்ப கால் மணி நேரம் கூட உக்காரல நீங்க. ஒரு வார்த்தை பேசல. சரின்னுட்டுப் போயிட்டீங்க."

பல்செட்காரர் வெர்னியரை எடுத்து, ஏற்கெனவே அளந்த பெட்டியை இன்னொரு தடவை அளந்தார்.

டிரம்ஸ் வாசிப்பவன் அந்த மனைவியின் தம்பி. மாமாவுக்கும் மச்சினனுக்கும் பன்னிரண்டு வருஷமாக ஒரே மேடை. விழாவுக்கு முந்தின புதன்கிழமை ஒத்திகையில், எந்தப் பெட்டி என்று மாமா மூன்றாவது முறையாக விளக்கிக்கொண்டிருந்தபோது மச்சினன் டிரம்ஸ் குச்சியைக் கீழே வைத்தான்.

"மாமா, தங்கத்துல பெட்டி செஞ்சு வெச்சாலும் யாருக்குக் கேக்கப்போகுது? பேஸைக் கேக்கறதுக்குன்னு எவன் வர்றான்? விடுங்க."

பல்செட்காரர் பலகையை மூடினார், ஜிப்பை இழுத்தார், போய்விட்டார். யார் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பார். இவன் சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது.

அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் மச்சினன் இரவுச் சாப்பாட்டுக்கு அக்கா வீட்டுக்கு வருவது நிற்கவில்லை. பேச்சு நின்றது, பசி நிற்கவில்லை.

"அக்கா, மாமாவை அந்த உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு."

"உப்பு அவன் கைக்கு எட்டுற தூரத்துலதான் இருக்குன்னு சொல்லு."

"ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன கேபிளா?" என்று சொல்லிவிட்டு அவள் உப்பைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இரண்டு பேரும் உப்பில்லாமல் சாப்பிட்டார்கள்.

விழாவுக்கு முந்தின நாள் அசல் பெட்டி வீட்டுக்கு வந்தது. மூன்றில் நடுவாந்திரமானது, கொஞ்சமே கொஞ்சம் வேலை செய்யும் என்று கடைக்காரர் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டது. பல்செட்காரர் அதை, அதே மாதிரிக்குத் தான் செய்திருந்த பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து விளக்கடியில் பார்த்தார். முள்ளுக்கு முள், எழுத்துக்கு எழுத்து. இடம் மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகு இரண்டையும் மனைவியிடம் நீட்டினார்.

"எது அசல்?"

அவள் இரண்டு கையிலும் ஏந்தி எடை பார்த்தாள். கூரியர்க் கை, பத்து கிராம் வித்தியாசத்தைச் சொல்லிவிடும். "ரெண்டும் ஒண்ணுதான்" என்று திருப்பிக் கொடுத்தாள்.

பல்செட்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இதைவிடப் பெரிய பாராட்டு அவர் தொழிலில் கிடையாது. அந்தக் குஷியில் சீட்டியடித்துக்கொண்டே ஒன்றைப் பலகையில் ஒட்டினார், இன்னொன்றை இழுப்பறையில் போட்டு மூடினார்.

திறப்பு விழா மதியம் மூன்று மணிக்கு. கடையின் நடு மண்டபத்தில் வாஷ்பேசின்களை ஓரமாகத் தள்ளி இருநூறு நாற்காலி போட்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் ஒன்பது வகையான குழாய்கள் சுவரில் மின்னின. கடை முதலாளி ரிப்பன் வெட்டிவிட்டு, நீர்க்கசிவின் தீமைகள் பற்றி ஐம்பது நிமிஷம் பேசினார். அதனால் ஒவ்வொரு கருவியாகச் சத்தம் சரிபார்க்க நேரமில்லை. நேரே பாட்டு.

பல்செட்காரர் ஹெட்போனைத் தன் பெடலில் மாட்டிக்கொண்டார். முதல் சுரம் வாசித்ததுமே உடம்பு சிலிர்த்தது. இரைச்சல் இல்லை, கொர்ரு இல்லை, தேன் மாதிரி இருந்தது. அடுத்த இரண்டு மணி நேரம் அவர் வாசித்தது மாதிரி அவர் அதற்கு முன் வாசித்ததே கிடையாது. மூன்றாவது பாட்டில் மச்சினன் தலையைத் திருப்பி அவரையே பார்த்தான். கண்ணெல்லாம் விரிந்திருந்தது. இப்போது கேட்கிறதா மவனே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, இவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்புறமும் அவன் நான்கைந்து முறை பார்த்தான். இவரும் நான்கைந்து முறை திருப்பிக்கொண்டார்.

கைதட்டல் ஓய்ந்ததும் முதல் ஆளாகச் சவுண்டுக்காரர் ஓடி வந்தார். "என்ன பெட்டி சார் இது! என் சர்வீஸ்ல இவ்வளவு சுத்தமான பெட்டி பாத்ததில்ல. ஒரு சொட்டு இரைச்சல் இல்ல!"

"மிக்ஸர்ல என் சத்தத்துக்கு லைட்டெல்லாம் நல்லா ஏறிச்சா?"

"லைட்டைப் பாத்து வேலை செய்யற ஆள் நான் இல்ல சார். காதுதான்."

பிறகு தலைவரே வந்தார். தோளில் கை போட்டார். பன்னிரண்டு வருஷத்தில் அந்தக் கை அந்தத் தோளுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. "கேட்டுச்சுய்யா. ஒவ்வொரு சுரமும் கேட்டுச்சு. உருண்டையா, அளவா, எதையும் இடிக்காம. இப்படி வாசிக்கறவனையா போகச் சொன்னேன்? நீ இருக்கே. இனிமே எப்பவும் இருக்கே."

பல்செட்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒயர்களைக் கழற்றக் குனிந்தபோது கண் கலங்கியிருந்ததால் கேபிளைக் கொஞ்சம் வேகமாக இழுத்துவிட்டார். கேபிள் வந்தது. கூடவே ஒரு முள்ளும் வந்தது.

அதை விரல் நுனியில் வைத்துப் பார்த்தார். பல்செட்டில் வைக்கிற கம்பி. முனையில் சாய்வாக வெட்டிய வெட்டு அவருடைய குறடு வெட்டிய வெட்டு. முள் போன இடத்தில் குட்டி ஓட்டை. ஓட்டையைச் சுற்றி ரோஸ் நிறம்.

அப்படியே குந்தினார். அக்ரிலிக் கட்டிக்குள் போன சத்தம் அக்ரிலிக் கட்டிக்குள்ளேயே செத்துப்போயிருக்கிறது. இரண்டு மணி நேரமும் அவர் வாசித்தது, பெட்டிக்கு முன்னாலேயே பெடலில் மாட்டிய ஹெட்போன் வழியாக, அவருக்கு மட்டும்தான் கேட்டிருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று தலைவர் சொல்லிவைத்தபடி கீபோர்டுக்காரன் இடது கையால் எல்லாவற்றையும் வாசித்திருக்கிறான். தலைவர் தோளில் கை போட்டுப் பாராட்டியது அந்த இடது கையை. இடது கையே போதும் என்பதை இருநூறு பேரைச் சாட்சி வைத்துப் பல்செட்காரரே நிரூபித்துக் கொடுத்திருக்கிறார். இத்தனைக்கும் ஒருத்தருக்காவது, ஒரே ஒருத்தருக்காவது, அவர் இல்லாதது தெரியவில்லை. அவமானத்தில் காது மடல் சுட்டது. அழ வேண்டும் போலிருந்தது. நாலாபக்கமும் வாஷ்பேசின்கள் இருந்தன, ஒன்றிலும் தண்ணீர் வராது.

"மாமா."

நிமிர்ந்தார். மச்சினன் நின்றான். மூக்கு நுனி சிவந்திருந்தது. நாலு நாளுக்குப் பிறகு அக்கா வழியாக இல்லாமல் நேராக வந்த வார்த்தை அது.

"அன்னைக்கு நான் சொன்னது தப்புதான், ஒத்துக்கறேன். அதுக்காக இப்படியா பழி வாங்குவீங்க?"

"என்ன பழி?"

"ரெண்டு மணி நேரம் விரலை மட்டும் ஆட்டிக்கிட்டு, ஒரு சத்தம் வெளிய விடாம நின்னீங்களே, அது என்ன? மூணாவது பாட்டுல எனக்குத் தாளம் தப்பிடுச்சு. உங்களைப் பாத்தேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க. திரும்பத் திரும்பப் பாத்தேன், திரும்பத் திரும்பத் திருப்பிக்கிட்டீங்க. இருட்டுல படியிறங்கறப்ப கடைசிப் படி இல்லாமப்போனா எப்படி இருக்கும்? அப்படி இருந்துச்சு மாமா. ரெண்டு மணி நேரமும் கடைசிப் படி இல்ல." அவன் கீபோர்டு இருந்த பக்கம் கையைக் காட்டினான். "அந்த இடது கையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? டிரம்ஸை மிதிக்கற என் காலை அது பாக்குமா? நீங்கதானே பாப்பீங்க?"

பல்செட்காரர் மெதுவாகக் கேட்டார். "உனக்குத் தெரிஞ்சுதா? நான் இல்லைன்னு?"

"முதல் பாட்டுலயே தெரிஞ்சுது."

அந்த நிமிஷம் அவருக்கு உண்டான சந்தோஷத்தை என்னவென்று சொல்வது. தோளில் விழுந்த தலைவரின் கை, சவுண்டுக்காரரின் புகழ்ச்சி எல்லாம் இதன் முன்னால் தூசு. பெட்டியைப் பிய்த்து மச்சினன் கையில் கொடுத்தார். அவன் நகத்தால் சுரண்டினான். கறுப்புப் போய் ஈறு தெரிந்தது. கொஞ்ச நேரம் ஈறையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு பக்கத்தில் காட்சிக்கு வைத்திருந்த புத்தம் புது டாய்லெட்டின் மூடியை இறக்கி அதன் மேல் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இவரும் சிரித்தார். விற்பனைப் பெண் வந்து அது உட்காருவதற்கில்லை என்றாள்.

இரண்டு பேரும் தலைவரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். தலைவர் நம்பவில்லை.

"நான் கேட்டேன்யா. இந்தக் காதால கேட்டேன்."

"நீங்க கேட்டது இடது கை, தலைவரே."

"அப்ப இடது கையும் இருக்கட்டும். நீயும் இரு. அந்தப் பெட்டியும் இருக்கட்டும். எது சேர்ந்து அப்படிக் கேட்டுச்சோ, அதுல ஒரு ஆணியை மாத்தினாலும் நான் சும்மா இருக்கமாட்டேன்."

அடுத்த ஒத்திகையில் சத்தம் காட்டாமல் அசல் பெட்டியை மாட்டிப் பார்த்தார்கள். நாலு வரி போவதற்குள் தலைவர் கையைத் தூக்கிவிட்டார். "அடியில ஏதோ புதுசா இடிக்குதே, என்ன அது? பெட்டியை மாத்தினியா?" முள்ளை ஒட்டவைத்துப் பழைய பெட்டியை மாட்டினார்கள். "ஆங், இதுதான்" என்று தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். அசல் பெட்டி இப்போது கூரியர் அலுவலகத்தில், மின்விசிறிக் காற்றில் ரசீதுகள் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.

அதற்கு அடுத்த நிகழ்ச்சி ஒரு டயர் கம்பெனியின் ஆண்டு விழா. தொடங்குவதற்கு முன் தலைவர் தானே வந்து ஈயமும் அக்ரிலிக்குமான அந்தப் பெட்டியைக் கைக்குட்டையால் துடைத்துக் கொடுத்தார். சவுண்டுக்காரர் பயபக்தியோடு கேபிளை மாட்டினார். பெடலின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் கிளம்பி, கம்பளத்துக்கு அடியில் ஊர்ந்து, டிரம்ஸ் முக்காலிக்குப் பின்னால் செங்கல் அளவே இருந்த ஒரு குட்டி ஸ்பீக்கருக்குப் போனதை அவர்கள் இருவரும் பார்க்கவில்லை. முந்நூறு பேர் இடது கையைக் கேட்கப்போகிறார்கள். ஒருத்தன் மட்டும் இவரைக் கேட்கப்போகிறான்.

மூன்றாவது பாட்டு வந்தது. ஏதோ நினைப்பில் பல்செட்காரர் ஒரு சுரத்தை அரை மாத்திரை தாமதமாகப் போட்டுவிட்டார்.

"மாமா, இழுக்காதீங்க!" என்று பின்னாலிருந்து சிடுசிடுப்பாக ஒரு குரல் வந்தது. "என் காதுல விழுதுல்ல?"

பன்னிரண்டு வருஷத்தில் அவர் வாசிப்பைக் காதால் கேட்டு ஒருத்தர் குறை சொன்னது அதுதான் முதல் தடவை. பல்செட்காரருக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. துடைக்கக் கை ஒழியவில்லை, தாளத்தில் இருந்தது.